முகங்களை மறைத்த பிறகே பதிவேற்றம்

சேலம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாக் காணொளியைத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். மாவிளக்கு வரிசையில் யார் யார் வீட்டுக் குழந்தைகளோ நிற்கிறார்கள். பெற்றோரிடம் கேட்க வழியில்லை என்றால் அந்த முகங்களை மங்கலாக்கியே தீர வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது.

டாவின்சி ரிசால்வ் என்ற காணொளித் தொகுப்பு மென்பொருளில் கலர் பக்கத்துக்குப் போய், முகத்தைச் சுற்றி வட்ட விண்டோ வரைந்து, அதற்குள் மட்டும் மங்கலாக்கும் பிளரை ஏற்றலாம். டிராக்கரை ஓடவிட்டால் வட்டம் முகத்தோடு நகரும். ஆனால் அதை நம்பி எழுந்து போய்விடாதீர்கள். குறுக்கே ஒரு பூக்கூடை கடந்தால் போதும், வட்டம் கூடையைப் பிடித்துக்கொண்டு போய்விடும். குழந்தையின் முகம் பளிச்சென்று வெளியே தெரியும். அந்த இடத்தில் நிறுத்தி, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திக் கையால்தான் சரிசெய்ய வேண்டும். பொறுமை வேண்டும், ஆனால் செய்யத் தகுந்த வேலை. வட்டத்தின் ஓரத்தைச் சற்று மென்மையாக்கினால் கண்ணை உறுத்தாது.

வண்டி எண், கடைப் பலகையிலுள்ள கைபேசி எண் ஆகியவற்றுக்கு பிளரே வேண்டாம். லேசாக மங்கிய எண்களை ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிட முடியும். அங்கே முழுக் கறுப்புக் கட்டம்தான் பாதுகாப்பு.

சேலத்து நண்பர்களே, திருவிழாவைப் படம் பிடித்திருந்தால் பதிவேற்றும் முன் ஒருமுறை மெதுவான வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். டிராக்கர் தவறவிட்ட இடங்கள் அப்போதுதான் கண்ணில் படும்.