தேரும் ஓட்டும் ஒரே நாளில்: மதுரை, 2019

ஏப்ரல் 8, திங்கள்
மீனாட்சி கோயிலில் இன்று கொடி ஏறிவிட்டது. டீக்கடையில் பேச்செல்லாம் 18ஆம் தேதியைப் பற்றித்தான். தேரோட்டமும் அன்றைக்கு, மக்களவைத் தேர்தலும் அன்றைக்கு. மறுநாள் அழகர் ஆற்றில் இறங்குகிறார். தேர்தல் கமிஷன் பஞ்சாங்கத்தைப் புரட்டியிருந்தால் முன்கூட்டியே தெரிந்திருக்கும். கிறிஸ்தவர்களுக்கு அது பெரிய வியாழன் என்பதால் அவர்களும் மாற்றச் சொல்லிக் கேட்டார்கள். ஐகோர்ட் வரை போயும் தேதி மாறவில்லை. மதுரைத் தொகுதிக்கு மட்டும் ராத்திரி 8 மணி வரை ஓட்டுப் போடலாமாம்.

அத்தை வீடு திருப்பரங்குன்றத்தில். அது விருதுநகர் தொகுதி, 6 மணியோடு சரி. மீனாட்சி கல்யாணத்துக்கு முருகனும் பவளக்கனிவாய்ப் பெருமாளும் அங்கிருந்துதான் வருகிறார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும் தேர் பார்க்கும் ஆசை இருக்காதா?

ஏப்ரல் 14, ஞாயிறு
சித்திரை பிறந்தாயிற்று, வெயிலும் ஏறிவிட்டது. எங்கள் தெருமுனையில் நீர்மோர்ப் பந்தல் யார் போடுவது என்று முன்னாள் கவுன்சிலர்கள் இரண்டு பேருக்குள் இழுபறி. தேர்தல் நடத்தை விதி இருப்பதால் கட்சிக் கொடியோ தலைவர் படமோ வைக்கக் கூடாது. ஆனாலும் மோர் ஊற்றுவது யார் என்று தெருவுக்குத் தெரியாதா என்ன!

"முன்னாள்" என்று எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. 2016 அக்டோபரில் மாநகராட்சிக் கவுன்சிலர்களின் பதவிக்காலம் முடிந்தது. இன்னும் தேர்தல் நடக்கவில்லை. 100 வார்டுக்கும் ஆள் கிடையாது. சாக்கடை அடைத்தால் அதிகாரியைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. டில்லிக்கு ஆள் அனுப்பத் தேர் நாளில்கூட ஓட்டுப் பெட்டி வருகிறது, எங்கள் தெருவுக்கு வரவில்லை. பந்தல் தகராறைப் பக்கத்து வீட்டு மதினிதான் முடித்து வைத்தார்: பானை ஒருவருடையது, பந்தல் இன்னொருவருடையது, ஊற்றுவது தெருப் பிள்ளைகள்.

ஏப்ரல் 16, செவ்வாய்
வேலூரில் தேர்தல் ரத்து. இங்கேயும் தள்ளிப்போகுமோ என்று ஒரே வதந்தி. போகாது.

ஏப்ரல் 17, புதன்
திருக்கல்யாணம். மதினி காலையிலேயே புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார். மொய் எழுதும் வரிசையில் மாமா நிற்கும்போது பின்னால் நின்றவர், "ஓட்டுக்கு வாங்கின காசை இங்கே எழுதினால் ஆத்தா ஏற்பாளா?" என்று கேட்டாராம். மாமா திரும்பி, "வாங்காமலே இருந்திருக்கலாமே" என்றாராம். எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தப் பதில்.

ஏப்ரல் 18, வியாழன்
விடியும் முன்பே கீழமாசி வீதிக்குப் போய்விட்டோம். சுவாமி தேர் முன்னால், அம்மன் தேர் பின்னால். நான்கு மாசி வீதியும் ஜனம். அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வடம் பிடித்தேன். பக்கத்தில் இழுத்தவர் எந்தக் கட்சி என்று எனக்கும் தெரியும், நான் எந்தக் கட்சி என்று அவருக்கும் தெரியும். "இழுங்கண்ணே, இழுங்க" என்பதைத் தவிர அங்கே வேறு பேச்சில்லை.

மத்தியானம் தேர் நிலைக்கு வந்தபிறகு சாப்பிட்டுவிட்டு, அப்புறம் ஓட்டு. சாயங்காலம் 6 மணிக்கு மேல்தான் எங்கள் சாவடியில் கூட்டம் சேர்ந்தது. வெயில் தாழ வந்த வயதானவர்கள், அழகரை வரவேற்கும் எதிர்சேவைக்குத் தல்லாகுளம் போகிற அவசரத்தில் பெண்கள். அந்த இரண்டு மணி நேரம் இல்லையென்றால் பாதிப் பேர் திரும்பியிருப்பார்கள்.

ஏப்ரல் 19, வெள்ளி
தங்கக்குதிரையில் அழகர் வைகையில் இறங்கினார். சர்க்கரைச் செம்போடு என் பக்கத்தில் நின்ற அம்மா மானாமதுரைப் பக்கம். அழகரைப் பார்க்க முதல்நாளே வந்துவிட்டதால் ஓட்டுப் போடவில்லை என்றார். ஊரில் ஓட்டுப் போட்டுவிட்டு ராத்திரி பஸ் பிடித்திருந்தால் ஆற்றில் இடம் கிடைத்திருக்காது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நேரத்தை நீட்டியவர்கள் அழகருக்காக வண்டி கட்டி வரும் பக்கத்து மாவட்டங்களையும் நினைத்திருக்க வேண்டும்.

வீடு திரும்பும்போது தெருமுனையில் முன்னாள்கள் இருவரும் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வார்டுத் தேர்தலை உடனே நடத்தச் சொல்லி மனு எழுதினால் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவீர்களா என்று கேட்டேன். ஒருவர் சரி என்றார். இன்னொருவர் கட்சியில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். மனுவை இன்று ராத்திரியே எழுதி வைக்கப் போகிறேன்.