கோட்டையூர் வீட்டுக்குப் பொட்டு வந்தது

திருச்சியில் தெருக்குட்டிகளை எடுத்து வளர்த்து, நல்ல வீடு பார்த்துத் தத்துக் கொடுக்கும் ஒரு அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் தத்தெடுப்புப் படிவம் வந்தது. பேர், வேலை, ஆதார் நகல் என்று மளமளவென்று நிரப்பிக்கொண்டே வந்தேன். ஒரு கேள்வியில் மட்டும் விரல் நின்றுவிட்டது. "கடந்த ஓராண்டுக்குள் உங்கள் வீட்டில் நாய்க்குட்டி ஏதாவது நோய் வந்து இறந்திருக்கிறதா?"

இறந்திருந்தது. ஐப்பசி மழையில் காரைக்குடி பேருந்து நிலையம் பக்கம் நனைந்துகொண்டு நின்ற குட்டி. இரண்டு மாதம்கூட இருக்காது. துண்டில் சுற்றிக் கோட்டையூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நாலு நாள் நன்றாகத்தான் இருந்தது. ஐந்தாம் நாள் பாலைத் தொடவில்லை. அப்புறம் வாந்தி, ரத்தமாகப் போனது. பார்வோ, குட்டிகளின் குடலைத் தாக்கும் தொற்றுநோய் என்றார் கால்நடை மருத்துவர். இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றியும் நிற்கவில்லை. "விதி அம்புட்டுத்தான்" என்று அப்பத்தா சொன்னார். வரும்போதே நோயைச் சுமந்து வந்திருக்கும் என்று மருத்துவரும் ஆறுதல் சொன்னார். எனக்கு மட்டும் ஆறவே இல்லை.

அது நடந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. நான் கேட்டிருந்ததோ ஐம்பது நாள் செவலைக் குட்டி. உண்மையைச் சொன்னால் தரமாட்டார்கள் என்று தெரிந்தது. 'இல்லை' என்று எழுதினேன். அரைமணி நேரம் கழித்து அழித்துவிட்டு, 'ஆம், பார்வோ' என்று எழுதி அனுப்பினேன்.

அன்று ராத்திரியே போன் வந்தது. "உண்மையைச் சொன்னீங்களே தம்பி, அதுவே போதும். ஆனா அந்தக் குட்டியை உங்க வீட்டுக்குத் தர முடியாது." பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடத்துக்கு மேலும் சாகாமல் கிடக்குமாம். சிமென்ட் தரையை முப்பது பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு பிளீச் கலந்து ஊறவிட்டுக் கழுவலாம். வீட்டுப் பின்னால் இருக்கும் தோட்டத்து மண்ணை எப்படிக் கழுவுவது? ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நாலு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை போட்டு முடித்தால்தான் குட்டிக்குப் பாதுகாப்பு. நடுவில் அந்த மண்ணில் அதை விடுவது தெரிந்தே செய்கிற கொலை. இந்தச் சொல்லைச் சொன்னது அவர் அல்ல, நான்தான். போனை வைத்ததும் அப்படித்தான் தோன்றியது.

மறுநாள் அவரே வேறொரு படம் அனுப்பினார். எட்டு மாதப் பெட்டை. கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளையாக ஒரு பொட்டு. ஊசி எல்லாம் முடிந்து, கருத்தடையும் ஆகியிருந்தது. பெட்டை என்றாலே குட்டி போடும் என்று தள்ளுகிறார்கள், கறுப்பு என்றால் இன்னும் தள்ளுகிறார்கள், வளர்ந்துவிட்டால் யாரும் திரும்பியே பார்ப்பதில்லை என்றார். மூன்றும் சேர்ந்த நாய் இவள்.

அதோடு முடியவில்லை. வீட்டை வீடியோவில் காட்டச் சொன்னார். எங்கள் செட்டிநாட்டு வீடுகள் தெரிந்தவர்களுக்குப் புரியும்: முகப்பில் நின்றால் வளவு என்கிற முற்றக்கட்டு, இரண்டாம் கட்டு, பின்கட்டு என்று எல்லா வாசலும் ஒரே நேர்கோட்டில் அடுத்த தெரு வரை தெரியும். நான் பெருமையாகத்தான் காட்டினேன். அவர் பார்த்தது வேறு. "மிரண்ட நாய் ஓடுறதுக்கு இதைவிட நேரான பாதை வேணுமா தம்பி?" புதிதாகத் தத்துப் போகிற நாய்கள் முதல் சில நாட்களில்தான் அதிகம் ஓடித் தொலைகின்றன என்றும் சொன்னார். பின்கட்டுக் கதவை எப்போதும் சாத்தி வைப்பது, இரண்டாம் கட்டு வாசலில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மரத்தட்டி என்று முடிவு செய்தோம். தச்சர் இரண்டு நாளில் அடித்துக் கொடுத்தார்.

அடுத்த கேள்வி, வீடு யார் பேரில்? மூன்று புள்ளிக்கும், அதாவது அப்பாவோடு உடன்பிறந்த மூன்று பேர் குடும்பத்துக்கும், பொது. பெரியப்பா சென்னையில், சித்தப்பா பினாங்கில். நாங்கள்தான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறோம் என்றாலும், முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் எல்லோரும் வந்து இறங்குவார்கள். அந்தக் கூட்டத்தில் நாய் எங்கே இருக்கும், பங்காளிகள் சம்மதித்தார்களா என்று கேட்டார். இவருக்கு எதற்கு எங்கள் குடும்ப விஷயம் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. ஆனால் பங்காளிக்குப் பிடிக்கவில்லை என்ற ஒரே காரணத்தால் திரும்பி வந்த நாய்கள் அவரிடமே இருந்தன. இருவருக்கும் போன் போட்டேன். சித்தப்பா சரி என்றார். பெரியப்பா, விசேஷ நாட்களில் மேல்மாடி அறை என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்.

அப்பத்தாதான் கடினம். சாமி வீடு இருக்கிற வளவுக்குள் நாயா என்று இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் தானாகவே, "வயிரவன்பட்டியிலே வயிரவரோட நாயையும் சேர்த்துத்தானே கும்புடுறோம், வரட்டும்" என்றார். நகரத்தாரான எங்களுக்குரிய ஒன்பது கோயில்களில் ஒன்று அது. நான் எதுவும் வாதாடவில்லை.

ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டோம். நாள் முழுக்கக் கட்டிப்போடக் கூடாது, மாதம் ஒரு படம் அனுப்ப வேண்டும், வைத்துக்கொள்ள முடியாவிட்டால் வேறு யாருக்கும் கொடுக்காமல் அவரிடமே திருப்ப வேண்டும். பணம் எதுவும் வாங்கவில்லை. நாலு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்தித்தான் காரில் ஏற்றினோம். அப்படியும் திருமயம் கோட்டை தெரிகிற இடத்தில் ஒரு தடவை வாந்தி எடுத்தாள்.

வீட்டில் அவளுக்குப் பெரிய எதிரி தரையில் பதித்த வழவழப்பான ஆத்தங்குடி கல். சொரசொரப்பான தரையிலேயே வளர்ந்தவள், வளவில் கால் வைத்ததும் நாலு காலும் நாலு பக்கம் வழுக்கின. அப்படியே படுத்து நடுங்கினாள். அதற்கப்புறம் நாலு நாள் இரண்டாம் கட்டில் ஆட்டுக்கல் மறைவை விட்டு வரவே இல்லை. கூப்பிடாதீர்கள், கண்ணைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் சும்மா உட்காருங்கள் என்று அக்கா சொல்லியிருந்தார். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். ஆட்டுக்கல்லிலிருந்து வளவு வரை சணல் சாக்கை வரிசையாக விரித்து வைத்தேன். ஐந்தாம் நாள் ராத்திரி, விளக்கை அணைத்த பிறகு, சாக்கின் மேல் நகம் உரசும் சத்தம் கேட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். என் கையை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

சாப்பாடுதான் எங்கள் வீட்டில் புதுப் பாடம். சின்ன வெங்காயம் இல்லாமல் எங்கள் அடுப்பில் எது வேகும்? வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களை உடைத்துவிடும், குழம்பில் ஊறிய சோறுகூடக் கூடாது. வெந்த கோழி எலும்பு ஊசியாகச் சிதறிக் குடலைக் கிழிக்கும். ஆசையாகப் போடுகிற கைகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. இப்போது அப்பத்தாவே உப்பு, மசாலா இல்லாமல் எலும்பெடுத்த கோழியையும் அரிசியையும் தனிச்சட்டியில் குழைய வேகவைக்கிறார். பத்தியச் சோறு என்று அதற்குப் பேர்.

பேர் வைத்ததும் அவர்தான், பொட்டு என்று. வந்தபோது பதினொரு கிலோ, இப்போது பதினாலு. சாக்கு இல்லாமலே வளவைக் கடக்கிறாள், மெதுவாக. மரத்தட்டியை இன்னும் எடுக்கவில்லை, எடுக்கப்போவதும் இல்லை.

வெறிநாய்க்கடி ஊசி வருடா வருடம் போட வேண்டும். அடுத்தது மாசியில். போன வாரம் சமையல்கட்டு காலண்டரைப் புரட்டினேன். அந்தத் தேதியைச் சுற்றி, மாவுக் கை பட்ட கறையோடு, பென்சிலில் ஒரு வட்டம் போட்டிருந்தது. நான் போடவில்லை.