பத்தில் ஒன்பது பேர்

வரி நிலுவைப் பிரிவில் என் வேலை, கடிதம் எழுதுவது. பாக்கி வைத்திருப்பவர்களுக்கு ஆயிரக்கணக்கில் அச்சாகிப் போகும் நினைவூட்டல். வருஷக்கணக்காக ஒரே வாசகம்தான்: "இந்தத் தேதிக்குள் செலுத்தத் தவறினால்..." அப்புறம், மனிதர்கள் நிஜத்தில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராயும் நடத்தைசார் பொருளியல் எங்கள் அலுவலகத்துக்கும் வந்தது.

பிரிட்டன் அரசு 2010-இல் அமைச்சரவை அலுவலகத்துக்குள்ளேயே ஒரு சிறு குழுவை அமைத்தது. 'நட்ஜ் யூனிட்' என்பதே அதற்குப் பேராகிவிட்டது; நட்ஜ் என்றால், கட்டாயப்படுத்தாமல் லேசாகத் தள்ளிவிடுவது. வரித்துறையோடு சேர்ந்து சுமார் 1 லட்சம் பேருக்கு விதவிதமான கடிதங்கள் போயின. "பத்தில் ஒன்பது பேர் உரிய காலத்தில் கட்டுகிறார்கள், இன்னும் கட்டாத மிகச் சிலரில் நீங்களும் ஒருவர்" என்ற கடிதம்தான் ஜெயித்தது. 23 நாளில், பழைய கடிதத்தைவிட ஏறக்குறைய 5 சதவீதப் புள்ளி கூடுதலானவர்கள் கட்டினார்கள். அபராதம் ஏறவில்லை, சட்டம் மாறவில்லை. 'ஊரோடு ஒத்து வாழ்' என்பதற்கு ஒரு துறையா என்று கேலி செய்தேன். ஆனாலும் அந்த வாசகத்தை எங்கள் கடிதத்தில் சேர்த்தது நான்தான்.

முதல் மாதமே வசூல் கூடியது. அந்தச் சமயம் தொலைபேசிப் பிரிவில் ஆள் குறைவு. என்னையும் ஒரு நாள் ஹெட்போன் மாட்டி உட்கார வைத்தார்கள்.

"பத்துல ஒன்பது பேர் கட்டிட்டாங்க, நீங்கதான் பாக்கின்னு எழுதியிருக்கீங்களே சார். நான் கட்டி எட்டு நாளாச்சு. ரசீது கையிலதான் இருக்கு." வயதானவர் குரல்.

"கணக்குல ஏறத் தாமதம்மா. கட்டியிருந்தா பொருட்படுத்த வேண்டாம்னு கீழே போட்டிருக்கே."

"எங்க சார்?"

இருந்தது. கடைசி வரியில், பொடி எழுத்தில். தேடிப் படித்துவிட்டு, "சரி. ஆனா கவரைப் பிரிச்சது என் மருமக. அவ என்ன நினைச்சிருப்பா?" என்றார். அதற்கு என்னிடம் வாசகம் இல்லை.

மாலையில் அவர் கணக்கை எடுத்துப் பார்த்தேன். கடிதம் போன மறுநாள் தொகை வரவு வைக்கப்பட்டிருந்தது. ஆக, எங்கள் அட்டவணையில் அவர் 'கடிதம் கண்டு கட்டியவர்'. என் வெற்றி! பிரிட்டனில் ஒரு பகுதியினருக்குப் பழைய கடிதத்தையே அனுப்பி ஒப்பிட்டார்கள். இப்படிப்பட்ட கேஸ்கள் இரண்டு பக்கமும் சமமாக விழுந்துவிடும். நாங்கள் வாசகத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம், ஒப்பீட்டை விட்டுவிட்டோம்.

வாசகத்தைவிட வலுவானது, ஒன்றுமே கேட்காமல் இருப்பது. 2012 முதல் பிரிட்டன் ஊழியர்களை ஓய்வூதியத் திட்டத்தில் தானாகவே சேர்த்தது, வேண்டாதவர் விலகலாம். தகுதியுள்ள தனியார் துறை ஊழியர்களில் 42 சதவீதம் பேர் இருந்த இடத்தில், சில ஆண்டுகளில் 80 சதவீதத்துக்கு மேல். பாக்கியைக் கட்ட விடாத அதே சோம்பல்தான், இந்தத் தடவை ஊழியர் பக்கம் நின்றது. ஆனால் தொடக்கச் சந்தா சம்பளத்தில் வெறும் 2 சதவீதம். அதை 2019-க்குள் 8 ஆக்கியதும் அரசுதான். எண்ணை யார் வைக்கிறாரோ, அவர் கையில்தான் எல்லாம்.

இந்த உத்திகளின் பலன் எவ்வளவு என்று 2022-இல் ஒரு அமெரிக்க ஆய்வு கூட்டிப் பார்த்தது. ஆய்விதழ்களில் வந்த சோதனைகளில் சராசரி 8.7 சதவீதப் புள்ளி. அரசுக் குழுக்களின் சோதனைகளில் 1.4. எனக்கு அந்த 1.4-தான் பிடித்திருந்தது, நாணயமான எண்.

படிவத்தின் தலைப்பிலேயே கையெழுத்து வாங்கினால் ஜனங்கள் பொய் சொல்லமாட்டார்கள் என்று 2012-இல் ஒரு கட்டுரை சொன்னது. நம்பி, எங்கள் படிவத்தை மாற்றி அச்சடித்தோம். தரவு புனைவு என்று தெரிந்து 2021-இல் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

'கட்டியிருந்தால் பொருட்படுத்த வேண்டாம்' வரியைக் கடிதத்தின் முதலில் கொண்டுவந்தேன். "அதை மேலே போட்டா மீதியை யாருய்யா படிப்பான்?" என்றார் அதிகாரி. இரண்டு மாதம் இழுத்து, ஒப்புதல் கொடுத்தார். கையெழுத்துக் கட்டம் மட்டும் இன்னும் தலைப்பிலேயே இருக்கிறது. பழைய படிவக் கட்டு தீரவில்லை.