குடைச்சலுக்கு ஒரு வார்த்தை

மார்ச் 2

செருப்பு வாங்கிய டப்பாவை அட்டை வைத்து ஐந்து அறையாகத் தடுத்தேன். 1970களில் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் பத்திரிகையாளர் சொன்ன முறை. முன்பக்கம் ஆங்கில வார்த்தை, பின்பக்கம் பொருளும் ஒரு வாக்கியமும். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும். தப்பினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். நைட் டூட்டி முடிந்து வந்து தூங்காமல் நாற்பது அட்டை எழுதியிருக்கிறேன்.

மார்ச் 3

வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கான ஆங்கிலப் பரீட்சையில் போன முறை எனக்கு 340. வேண்டியது 350.

மார்ச் 5

என் பழைய டிக்‌ஷனரியில் ‘பெயின்’ என்றாலும் வலி, ‘ஏக்’ என்றாலும் வலி, ‘சோர்’ என்றாலும் வலி. அதைப் பார்த்து எழுதிய அட்டைகள் எல்லாம் முதல் அறையை விட்டு நகரவே இல்லை. 1987-இல் வந்த கோபில்ட் அகராதி பொருளையே முழு வாக்கியமாகச் சொல்லும். இன்னாருக்கு இப்படி இருந்தால் அதற்கு இந்த வார்த்தை என்கிற மாதிரி. நானும் அப்படி எழுதிப் பார்த்தேன். ‘ஏக்’: ராத்திரி முழுக்க வார்டில் நின்றுவிட்டு வந்து உட்கார்ந்ததும் கால் எப்படி இருக்குமோ அது. எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது. உளைச்சல்! கால் உளையுது என்று ஆச்சி சொல்லிக்கொண்டே இருப்பாளே, அதேதான். ‘மை லெக்ஸ் ஏக் ஆஃப்டர் எ நைட் ஷிஃப்ட்.’ இந்த அட்டை இனி தப்பாது.

மார்ச் 6

அம்மாவுக்கு மறுபடி தூக்கமில்லை. அக்கி வந்து மூன்று மாதம் ஆகிறது. கொப்புளம் ஆறிவிட்டது, வலி ஆறவில்லை.

மார்ச் 8

‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2019.’ எத்தனை இடத்தில் இதைச் சொல்லியிருப்பேன். நான் படிப்பை முடித்ததைச் சொல்கிறேன், இங்கிலாந்துக்காரர் காதில் மயக்கம் போட்டு விழுந்தேன் என்று விழும். ‘கிராஜுவேட்டட்’ என்று சொல்ல வேண்டும். ‘எக்ஸ்பயர்ட்’ என்று சார்ட்டில் எழுதியே பழகிவிட்டோம். அப்பாவை இழந்து நிற்கிற ஒருவரிடம் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. மருந்து பாட்டிலுக்குத்தான் எக்ஸ்பைரி. மனிதருக்கு ‘டைட்’, கொஞ்சம் மென்மையாக ‘பாஸ்ட் அவே’.

பாஸ் அவுட், பாஸ் அவே, பாஸ் யூரின் மூன்றையும் ஒரே அட்டையில் எழுதியிருந்தேன். ஒன்றை நினைத்தால் இன்னொன்று வருகிறது. கிழித்துவிட்டுத் தனித்தனியாக எழுதினேன். ஒரு அட்டைக்கு ஒரு வார்த்தை, அதன் வாக்கியத்தில் ஒரு ஆள்.

மார்ச் 9

ரொனால்ட் மெல்ஸாக் என்பவர் 1975-இல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வலிக்கு மட்டும் ஒரு கேள்வித்தாள் உருவாக்கினார். 78 வார்த்தைகள், 20 தொகுதிகள். முதல் தொகுதியில் ஆறு: ஃப்ளிக்கரிங், குவிவரிங், பல்ஸிங், த்ராபிங், பீட்டிங், பவுண்டிங். லேசானதில் தொடங்கிக் கடைசிக்குப் போகப் போக வலி கூடும். ‘த்ராபிங்’ நாலாவது. நம்முடைய விண்விண் எங்கே வரும்? நானே தலைவலியோடு உட்கார்ந்து யோசித்ததில் நாலுக்குப் பக்கம்தான் என்று தோன்றுகிறது. சுருக்கென்று குத்துவது ‘ஸ்டாபிங்’. எரிச்சல் ‘பர்னிங்’. கொஞ்சம்கூடச் சிரமமில்லை இதிலெல்லாம்.

குடைச்சல்தான் பிடிபடவில்லை. ‘நாகிங்’ என்றால் விடாமல் நச்சரிப்பது. ‘நாயிங்’ என்றால் கடித்துத் தின்பது. இரண்டிலும் துளை போடுவது இல்லை. அம்மா சொல்கிற குடைச்சல், வண்டு மரத்துக்குள் போகிற மாதிரி. துளையிடுவதற்கு ஆங்கிலத்தில் ‘போர்’, டாக்டர்கள் வயிற்று வலிக்கு ‘போரிங் பெயின்’ என்று எழுதுவதும் உண்டு. ஆனால் நோயாளியிடம் ‘இஸ் இட் போரிங்?’ என்று கேட்டால் சலிப்பாக இருக்கிறதா என்றுதானே அவருக்குக் கேட்கும்? மணி இரண்டு. உள்ளே அம்மா திரும்பிப் படுக்கிற சத்தம். மூன்று வார்த்தைக்கும் அட்டை எழுதி, மூன்றிலும் அம்மாவை வைத்து வாக்கியம் எழுதினேன். மூன்றும் சரியாக இல்லை.

மார்ச் 11

“ஏட்டி, சேலை பட்டாலே தாங்க முடியல” என்றாள் அம்மா.

இதற்கு வார்த்தை ‘டெண்டர்’. இத்தனை வருஷமாக எனக்கு டெண்டர் என்றால் ஒப்பந்தம், இல்லையென்றால் இளநீர்க் கடையின் போர்டு. பிஞ்சு, பரிவு, தொட்டால் நோகிற இடம், எல்லாம் அதற்குள் இருக்கின்றன. வாக்கியம் தேட வேண்டியிருக்கவில்லை. ‘ஹெர் பேக் இஸ் டெண்டர்.’

மார்ச் 12

அண்ணன் பேசினான். நீ போயிட்டா அம்மாவ யார் பாப்பா என்று கேட்டான். டூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 14

குடைச்சல் மறுபடியும் முதல் அறை.

மார்ச் 16

அம்மாவை நோயாளியாக உட்கார வைத்துப் பேசிப் பழகினேன். பரீட்சையிலும் இப்படித்தான், ஒரு கார்டு தருவார்கள், படிக்க மூன்று நிமிஷம், பேச ஐந்து நிமிஷம். இரண்டு கார்டு. அம்மா தமிழில் கேட்க, நான் ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டும். முதலில் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். அப்புறம் நிஜமாகவே கேட்டாள்: “இது எப்ப சரியாகும் சிஸ்டர்?”

‘ரீஅஷ்யூர்’, அதாவது தைரியம் சொல்வது, நான்காவது அறையில் இருக்கிற வார்த்தை. பொருள் தெரியும், வாக்கியம் தெரியும். வாய் வரவில்லை. “சிலருக்கு நாளாகும்மா” என்று தமிழில்தான் சொன்னேன்.

மார்ச் 18

பரீட்சைக்குப் போகிறேன், நெல்லை எக்ஸ்பிரஸ். டப்பாவைக் கொண்டுவரவில்லை, முதல் அறை அட்டைகளை மட்டும் ரப்பர் பேண்ட் போட்டுப் பையில் வைத்திருக்கிறேன். பதினேழு.

மார்ச் 19

முடிந்தது. ஒரு இடத்தில் நின்றேன், ஆனால் மீண்டும் பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 23

ரிசல்ட் வரவில்லை. வராது என்று தெரிந்தும் காலையிலிருந்து ஆறு முறை பார்த்தாயிற்று.

மார்ச் 25

அம்மா இன்று எரியவில்லை என்றாள். குடையவும் இல்லையாம். “நமநமங்குது” என்றாள். அக்கி வந்ததிலிருந்து இந்த வார்த்தையை அவள் சொன்னதில்லை. ‘டிங்ளிங்’காக இருக்கலாம், ‘இச்சிங்’காகவும் இருக்கலாம். ஊர்கிற மாதிரியா, அரிக்கிற மாதிரியா என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டாள். மணி ஒன்பதரைதான் ஆகிறது.