சிரமத்திற்கு வருந்துகிறோம்

2017-ல் தரமணியில் ஒரு சின்ன நிறுவனத்தில் இருந்தேன். ஆன்லைன் கடை ஒன்றுக்கு வாடிக்கையாளர் சேவை சாட்பாட் செய்து தரும் வேலை. கையில் இருந்த சரக்கு, அந்தக் கடையின் கஸ்டமர் கேர் ஆட்கள் இரண்டு வருடமாகத் தட்டிய சாட் பதிவுகள். வாடிக்கையாளர் எழுதியதை வாசிக்க ஒரு எல்எஸ்டிஎம் (சொற்களை வரிசையாக வாசித்து நினைவில் வைத்துக்கொள்ளும் நியூரல் நெட்வொர்க்), பதிலைச் சொல் சொல்லாக எழுத இன்னொன்று. 2015-லேயே கூகுளில் ஓரியோல் வின்யல்ஸும் குவாக் லேயும் ஐடி ஹெல்ப்டெஸ்க் உரையாடல்களையும் சினிமா சப்டைட்டில்களையும் ஊட்டி இப்படி ஒன்றைப் பேச வைத்திருந்தார்கள். அந்தக் கட்டுரையைப் படித்த தெம்பில் இறங்கிவிட்டோம்.

டெமோ அன்று மேனேஜர் தட்டினார்: "பார்சல் வரல." பாட் சொன்னது: "சிரமத்திற்கு வருந்துகிறோம்." பரவாயில்லை. "சட்டை கிழிஞ்சிருக்கு." "சிரமத்திற்கு வருந்துகிறோம்." அதுவும் சரிதான். "தேங்க்ஸ், பணம் வந்துருச்சு." "சிரமத்திற்கு வருந்துகிறோம்."

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் கொஞ்சம் ஆறுதல் இருந்தது. ஜிமெயிலில் கூகுள் கொண்டுவந்த ஸ்மார்ட் ரிப்ளை, சோதனைக் காலத்தில் எந்த மெயிலுக்கும் 'ஐ லவ் யூ' என்று பதில் நீட்டியதாக அவர்களே எழுதியிருந்தார்கள். நம்முடையது மன்னிப்போடு நின்றதே!

இதன் சூட்சுமம் எளிது. எது அதிகம் வர வாய்ப்புள்ளதோ அதை எழுது என்பதுதான் மாடலுக்கு நாம் சொல்லிக்கொடுத்தது. எல்லாக் கேள்விக்கும் ஓரளவு பொருந்துகிற வாக்கியம்தான் அந்தப் பந்தயத்தில் ஜெயிக்கும். வாய்ப்பு அதிகமுள்ள சில பதில்களை மட்டும் வைத்துக்கொண்டு தேடும் பீம் சர்ச்சில் பத்துப் பதில் கேட்டால், வருந்துகிறோம், மிகவும் வருந்துகிறோம், வருந்துகிறோம் சார் என்று ஒரே ஆள் பத்துச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து நிற்பார்.

கஸ்டமர் கேரில் நைட் ஷிப்ட் பார்க்கும் அக்கா ஒருவரைக் கூப்பிட்டு லாகைக் காட்டினேன். இரண்டு நிமிஷம் பார்த்தார். "தம்பி, இது நாங்க டைப் பண்ணதுதானே? ஒரே நேரத்துல நாலு சாட் ஓடும். முதல்ல இதைத் தட்டி விட்டாத்தான் மூச்சு விடவே நேரம் கிடைக்கும். அதுக்கப்புறம்தான் ஆர்டரையே திறந்து பார்ப்போம்" என்றார். அவர்கள் நேரம் வாங்குவதற்காகத் தட்டிய வரியை நாங்கள் பதில் என்று நினைத்துப் பயிற்சி கொடுத்திருந்தோம். அன்றே அந்த வரிகளில் பெரும்பகுதியைப் பதிவுகளிலிருந்து களைந்தோம். அதற்கு முந்தைய மூன்று வார டியூனிங்கைவிட அந்த ஒரு மதியம் அதிகம் உதவியது.

மிச்சத்துக்குக் கைகொடுத்தது ஆய்வாளர் ஜிவெய் லீயும் கூட்டாளிகளும் எழுதிய கட்டுரை. கேள்வியைப் பார்த்துப் பதில் சொல்வதோடு, பதிலைப் பார்த்துக் கேள்வியை ஊகிக்கும் இன்னொரு மாடலையும் பழக்க வேண்டும். முதல் மாடல் தரும் பதில்களை இரண்டாவதிடம் கொடுத்து, எதிலிருந்து கேள்வியைக் கண்டுபிடிக்க முடிகிறதோ அதை மேலே ஏற்ற வேண்டும். 'வருந்துகிறோம்' என்பதை வைத்து என்ன கேட்டிருப்பார்கள் என்று யாரால் சொல்ல முடியும்? 'பிக்கப் ஆள் வரும்போது சட்டையின் டேக்கை எடுக்காமல் கொடுங்கள்' என்றால் எவருக்கும் கேள்வி தெரிந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்துப்போன யோசனை இது. இன்று வரை ஆபீஸ் மெயில்களைக்கூட இப்படித்தான் அளக்கிறேன். பாதி தேறாது.

ஆனால் இரண்டாவது மாடலின் தீர்ப்புக்குத் தரும் எடையைக் கொஞ்சம் கூட்டினால் பாட் கிளிப்பிள்ளை ஆகிவிடும். "சட்டை கிழிஞ்சிருக்கு" என்றால் "சட்டை கிழிந்திருக்கிறதா சட்டை" என்று திருப்பிக் கேட்கும். கேள்வியைக் கண்டுபிடிக்க அதைவிடச் சுலபமான பதில் ஏது?

பதில்கள் விதவிதமாக வர வேண்டும் என்று பீமை விட்டுவிட்டு, அடுத்த சொல்லைக் குலுக்கல் போலத் தேர்ந்தெடுக்கும் சாம்பிளிங்கும் செய்து பார்த்தோம், வாய்ப்புக் குறைந்த சொற்களுக்கும் இடம் தரும் டெம்பரேச்சரை ஏற்றி. பேச்சு கலகலப்பானது. கூடவே, ரீஃபண்டே போடாத ஒருவருக்கு "ஐந்து முதல் ஏழு வேலை நாட்களில் பணம் வந்துவிடும்" என்று வாக்குக் கொடுத்தது. பழைய ரீஃபண்ட் சாட்களில் எல்லாம் அந்த வரி இருந்ததுதான் காரணம். அதன் பிறகு தேதியையும் தொகையையும் எழுதும் உரிமையை மாடலிடமிருந்து பிடுங்கினோம். அந்த இடங்களில் அது வெற்றுக் குறியீடு மட்டும் போடும். ஆர்டர் டேட்டாபேஸ் நிரப்பும். அங்கே நிரப்ப ஒன்றும் இல்லையென்றால் சாட் மனிதருக்குப் போகும்.

இவ்வளவுக்கும் நடுவில், மாடலின் பதில் மனிதர் எழுதியதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று அளக்கும் புளூ மதிப்பெண் பெரிதாக அசையவே இல்லை. ஒரே கேள்விக்கு நல்ல பதில் பத்து இருக்கும். லாகில் இருப்பது ஒன்று. அதோடு சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டு என்ன தெரியப்போகிறது? அந்த மதிப்பெண்ணுக்கும் மனிதர்களின் தீர்ப்புக்கும் ஒட்டுறவு குறைவு என்று 2016-லேயே ஆய்வு வந்திருந்தது. மேனேஜரின் ஸ்லைடில் மட்டும் அது கடைசி வரை இருந்தது.

கடைசி வாரம் அக்காவிடமே சோதிக்கக் கொடுத்தோம். ஆங்கில எழுத்தில் தமிழ் அடித்தார், 'வரல'வை நாலு விதமாக எழுதிப் பார்த்தார், பாட் சமாளித்தது. பிறகு வெறும் "ம்" என்று அனுப்பினார்.

"வேறு ஏதேனும் உதவி தேவையா?" என்றது பாட்.

"கோவமா இருக்கான் தம்பி, இது கூடத் தெரியலையா இதுக்கு?"

"எப்படிக்கா கோவம்னு சொல்றீங்க?"

மேலே நகர்த்தி, முந்தைய பதிலுக்கும் இந்த 'ம்'முக்கும் நடுவில் இருந்த ஆறு நிமிட இடைவெளியைத் தொட்டுக் காட்டினார். எங்கள் மாடலுக்கு நாங்கள் நேரத்தைக் கொடுத்திருக்கவே இல்லை.