மீட்டர் கடைசியாகத்தான் சொல்லும்

உணவுக் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் நிலையத்தில் சேர்ந்த புதிதில், காலையில் என் முதல் வேலை கழிவு நொதிக்கும் கலனிலிருந்து ஒரு குவளை கரைசல் எடுத்து பிஎச் பார்ப்பது. அது இறங்கினால் அமிலம் ஏறுகிறது என்று பொருள். 7.1, 7.0, 7.1. பதிவேட்டில் எழுதியதும் கழிவைக் கொட்டத் தொடங்குவோம். ஏழையொட்டி நிற்கும்வரை கவலையில்லை என்று நம்பியிருந்தேன்.

ஒரு நீண்ட விடுமுறையை அடுத்துக் கழிவு குவிந்துவிட்டது. தேக்கினால் நாறுமே என்று மூன்று நாட்கள் வழக்கத்தைவிட இரு மடங்கு ஊட்டினோம். மூன்றாம் நாளும் மீட்டர் 6.9 காட்டியது. நான்காம் நாள் கலனை நெருங்கும்போதே கெட்டுப்போன வெண்ணெயின் நெடி அடித்தது. பியூட்டிரிக் அமிலத்தின் நெடி அது. சோதனை பர்னரைப் பற்றவைத்தேன். நீலச் சுடர் நடுங்கி, பர்னரின் வாயை விட்டு மேலெழும்பி அணைந்தது. வாயு வராமல் இல்லை. அதில் மீத்தேன் குறைந்து கரியமில வாயு மிகுந்திருந்தது. பிஎச் 6.2. மறுநாள் 5.6.

கலனுக்குள் கழிவை உடைத்து அமிலமாக்கும் நுண்ணுயிர்கள் ஒரு கூட்டம். அந்த அமிலத்திலிருந்து மீத்தேன் உண்டாக்குபவை இன்னொரு கூட்டம். முன்னவை சில மணி நேரத்தில் பெருகிவிடும், பிஎச் 5.5-இலும் தளராது. பின்னவை பெருக நாட்கணக்கில் ஆகும், அவற்றுக்கு 6.8 முதல் 7.4 வரைதான் ஒத்துக்கொள்ளும். அமிலம் தேங்கினால் அதைத் தின்பவை சோர்கின்றன. அவை சோர்ந்தால் அமிலம் இன்னும் தேங்குகிறது. பிஎச் இறங்க இறங்க அமிலங்கள் அயனியாகப் பிரியாமல் நின்று, செல்லின் சவ்வைக் கடந்து உள்ளே புகுந்துவிடுகின்றன.

அப்படியானால் மூன்று நாட்களும் மீட்டர் ஏன் அசையவில்லை? கரைசலில் இருந்த பைகார்பனேட் என்ற காரப்பொருள், அமிலத்தை வாங்கிக்கொண்டு தான் தேய்ந்துகொண்டிருந்தது. அந்தக் கையிருப்பு கரைந்த பிறகே பிஎச் சரிந்தது. மிகையாக ஊட்டியே ஒரு கலனைக் கொல்லப் பார்த்தேனே என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

அமிலத்தை முறிக்கச் சுண்ணாம்பு மூட்டையைத் தூக்கிய என்னை, உடனிருந்த மூத்தவர் தடுத்தார். "முதலில் கலனுக்கு வாயைக் கட்டு தம்பி, மருந்தை அப்புறம் பார்க்கலாம்" என்றார். ஊட்டுவதை அடியோடு நிறுத்தினோம். சுண்ணாம்பு கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு கால்சியம் கார்பனேட்டாகப் படிந்துவிடும், கலனில் அழுத்தமும் விழும் என்று விளக்கினார். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துச் சிறிது சிறிதாகவே விட்டோம். சோடியம் மிஞ்சினால் அதுவும் நஞ்சு. நலமாக ஓடிய பக்கத்துக் கலனின் கரைசலையும் சேர்த்தோம். சுடர் மறுபடி நிலைத்து எரிய மூன்று வாரம் ஆயிற்று.

இப்போது தினமும் 20 மில்லி கரைசலில் நீர்த்த கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்க்கிறேன். பிஎச் 5.0 வரை இறங்கச் செலவாகும் அளவு கார இருப்பைக் காட்டும், அங்கிருந்து 4.4 வரை செலவாவது, சேர்ந்திருக்கும் பியூட்டிரிக் போன்ற கொழுப்பு அமிலங்களை. இவற்றிலிருந்து கணக்கிடும் அமில-கார விகிதம் 0.3, 0.4 அளவில் நின்றால் நிம்மதி. ஏறத் தொடங்கினால், மீட்டர் என்ன காட்டினாலும் கையைச் சுருக்கிக்கொள்கிறேன்.

இன்று காலை பிஎச் 7.2. விகிதம் 0.46, நேற்று 0.38 இருந்தது. வந்த கழிவில் பாதியைத் தேக்கத் தொட்டியிலேயே நிறுத்திவிட்டேன்.