கண்மை கசியும் பேனா

மைப்பேனாவைக் கழற்றிக் கழுவி மாட்டுவது எப்படி என்று நீளமாக ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். படமெடுத்து எழுதி முடிக்க மூன்று வார இறுதிகள் போயின. போன வருடம் சும்மா ஒருநாள் அதைத் தேடிப் பார்த்தால், என் பக்கம் இரண்டாவதாக வருகிறது. முதலிடத்தில் அதன் நகல்.

அப்படியே எடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஏதோ மென்பொருள் சொல்லுக்குச் சொல் மாற்றியிருந்தது. ‘மை கசியும்’ என்று நான் எழுதியது ‘கண்மை கசியும்’ ஆகிவிட்டது. நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்கட்டை, ‘நாக்கு மரம்’. படங்கள் மட்டும் என்னுடையவை, கட்டைவிரல் நகத்தில் இருந்த நீலக் கறை உட்பட. நகல் இருந்த டொமைன், அதாவது தள முகவரி, முன்பு யாரோ நடத்திய நடன வகுப்பினுடையது. காலாவதியானதும் வாங்கியிருக்கிறார்கள். பல தளங்கள் இணைப்பு கொடுத்த முகவரியைத் தேடுபொறி மதிக்கும். நடன வகுப்புக்குப் பலர் கொடுத்திருந்த இணைப்புகளின் தயவில் என் பேனா மேலே ஏறி நின்றது!

 தேடுபொறியில் ஸ்பேம், அதாவது குப்பைத் தளங்கள், பற்றிப் புகார் சொல்லும் படிவத்தை ஒரே வாரத்தில் ஐந்து முறை நிரப்பினேன். கிணற்றில் போட்ட கல்தான்.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். இப்படி வரும் புகார்களை வைத்து அந்தந்தத் தளத்தின் மேல் நேரடியாக நடவடிக்கை எடுப்பதில்லை, ஸ்பேமைக் கண்டுபிடிக்கும் அமைப்புகளை மேம்படுத்தவே பயன்படுத்துகிறோம் என்று கூகுள் 2020இல் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. யோசித்தால் நியாயம்தான். புகார் வந்ததும் தூக்கிவிடுவார்கள் என்றால், போட்டியாளர்கள் ஒருவர்மேல் ஒருவர் புகார் எழுதியே பிழைப்பார்கள். ஆட்களே பார்த்து நீக்குவதும் உண்டு. 2006இல் பிஎம்டபிள்யூவின் ஜெர்மன் தளத்தையே கூகுள் தேடலிலிருந்து எடுத்தது, தேடுபொறிக்கென்றே தனிப் பக்கங்கள் செய்துவைத்ததற்காக. சில நாளில் திரும்பியும் வந்துவிட்டது. அவ்வளவு பெரிய பெயரா என் ஆள்? இல்லையே.

காலாவதியான டொமைனை வாங்கி இப்படிப் பயன்படுத்துவதை 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பேம் விதிகளில் பெயர் சொல்லியே சேர்த்தது. என்னைப் போல எத்தனை பேர் நிரப்பிய படிவங்கள் அதற்குப் பின்னால் இருக்கின்றனவோ! அப்படி நினைத்துக்கொள்ள ஆசைதான்.

எனக்குப் பலித்தது வேறு வாசல்: பதிப்புரிமைப் புகார். அமெரிக்காவின் 1998ஆம் வருடச் சட்டம் ஒன்று இருப்பதால் அதைக் கண்டுகொள்ளாமல் விட முடியாது. ஸ்பேம் புகாரில் நான் ‘இது குப்பை’ என்று புலம்பிக்கொண்டிருந்தேன். இதில் ‘இந்தப் படம் என்னுடையது, மூலம் இங்கே, நகல் அங்கே’ என்று முகவரி முகவரியாகக் கொடுக்க வேண்டும், பொய் சொன்னால் சட்டப்படி நான்தான் மாட்டுவேன் என்று ஒப்புக்கொண்டு பெயரும் போட வேண்டும். சொல் மாற்றிய எழுத்தை நிரூபிப்பது இழுபறி என்று அதைத் தொடவே இல்லை. நகக்கறைப் படங்களை மட்டும் காட்டினேன். ஒன்பதாம் நாள் நகல் தேடலிலிருந்து போய்விட்டது.

தளம் என்னவோ அப்படியேதான் இருக்கிறது. தேடலில் வராது, அவ்வளவுதான். ஒன்றரை மாதத்தில் அதே குறிப்பு வேறு டொமைனில் முளைத்தது. கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. மாதம் ஒருமுறை ‘கண்மை கசியும் பேனா’ என்று தேடுகிறேன். உலகத்தில் வேறு யாரும் அப்படி எழுத மாட்டார்கள். போன வாரம் இரண்டு சிக்கின.